படகு விடும் ஏரியில் குழந்தை கை நனைக்கலாமா?

கேள்வி: கோடை விடுமுறையில் ஊட்டி ஏரியில் படகில் போனோம். காட்சி அருமை, ஆனால் ஓரிடத்தில் சாக்கடை வாடை அடித்தது. மகளோ தண்ணீரில் கைவிட்டு அளைந்துகொண்டே வந்தாள். “மீன் துள்ளுகிறதே, நல்ல தண்ணீர்தான்” என்றார் கணவர். ஒரு ஏரி நல்லதா என்று எங்களைப் போன்றவர்கள் எப்படித் தெரிந்துகொள்வது?
- வாசகி, ஈரோடு

பதில்: கரைக்குத் தனி மதிப்பெண், தண்ணீருக்குத் தனி மதிப்பெண் போடுங்கள் அம்மா. விலங்கியல் மாணவர்களை ஏரிக்கு அழைத்துப் போகும்போது நான் முதலில் சொன்னது இதைத்தான். ஊட்டி ஏரி, கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1823-25ல் ஓடைகளைத் தடுத்து உண்டாக்கியது. பிறகு சுருங்கிவிட்டது, பேருந்து நிலையமும் குதிரைப் பந்தயத் திடலும் இருப்பது பழைய ஏரிப் பகுதியில். மிஞ்சிய ஏரிக்குள் கோடப்பமந்து கால்வாய் வழியாக ஊர்க் கழிவு வருகிறது. உங்கள் மூக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. எந்த ஏரிக்குப் போனாலும், தண்ணீர் உள்ளே வரும் இடத்தை முதலில் போய்ப் பாருங்கள். பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

மீனை நம்ப வேண்டாம். சிலேபி போன்றவை ஆக்சிஜன் குறைந்த நீரிலும் தாக்குப்பிடிக்கும். இரவில் ஒளிச்சேர்க்கை கிடையாது. பாசி உட்பட எல்லா உயிர்களும் ஆக்சிஜனைச் செலவழிக்க மட்டுமே செய்யும். அதனால் விடியற்காலையில்தான் அது மிகவும் குறையும். அந்நேரம் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் ஏரி மூச்சுத் திணறுகிறது என்று பொருள்.

வீட்டிலேயே ஒரு கருவியும் செய்யலாம். 1865ல் ஆஞ்செலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் கடலில் வெள்ளைத் தட்டை இறக்கி, அது எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று அளந்தார். இன்றும் அதே முறைதான். 20 சென்டிமீட்டர் வட்டத் தட்டை நான்காகப் பிரித்துக் கறுப்பும் வெள்ளையும் மாற்றி மாற்றிப் பூசி, எடை கட்டி, அளவு குறித்த கயிற்றில் இறக்குங்கள். உச்சி வெயில் வேளையில், படகின் நிழல் பக்கம் நல்லது. 4 மீட்டர் வரை தெரிந்தால் தெளிந்த ஏரி. 2 மீட்டருக்குள் மறைந்தால் சத்து மிகுந்து பாசி பெருகுகிறது. அரை மீட்டருக்குள் என்றால் நிலைமை மோசம். மழை பெய்த கையோடு அளக்காதீர்கள், வண்டல் ஏமாற்றிவிடும்.

ஆனால் தட்டு கிருமியைக் காட்டாது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் குளிக்கத் தகுந்த நீரை ‘பி’ வகுப்பில் வைக்கிறது: 100 மில்லியில் கோலிஃபார்ம் (கழிவு கலந்ததைக் காட்டும் குடல் கிருமி வகை) 500க்கு மிகாமல், கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். இதை ஆய்வகம்தான் சொல்ல முடியும். வாடை வரும் ஏரியில் படகில் போகலாம், கை நனைக்க வேண்டாம். நனைத்துவிட்டால் சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் ஏரியில் ஆகாயத்தாமரையை வாருகிறார்கள், மறுபடி மூடிக்கொள்கிறது. வேறு வழி?
- வாசகர், சேலம்

பதில்: கழிவு வந்துகொண்டிருக்கும்வரை மூடத்தான் செய்யும். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் வாஷிங்டன் ஏரி சுத்திகரித்த கழிவுநீராலேயே கெட்டது. அதிலும் பாசிக்கும் செடிக்கும் உரமாகும் பாஸ்பரஸ் இருந்தது. 1963 முதல் 1968க்குள் கழிவுநீரை வேறு பக்கம் திருப்பினார்கள். 1 மீட்டருக்கும் குறைவாகத் தெரிந்த தட்டு, எழுபதுகளின் பிற்பகுதியில் 3 மீட்டருக்கு மேல் தெரிந்தது. ஆனால் அது ஆழமான ஏரி. நம் ஏரிகள் ஆழமற்றவை, சேற்றில் தங்கிய பாஸ்பரஸ் மெல்ல மெல்ல மேலே வரும். ஆகவே வாய்க்காலை அடைத்த பிறகும் சில ஆண்டுகள் பொறுக்க வேண்டியிருக்கும். அப்புறம், வாரியதைக் கரையிலேயே குவிக்க விடாதீர்கள். அழுகினால் சத்தெல்லாம் மழையோடு திரும்ப ஏரிக்குள்ளேயே இறங்கும். லாரியில் ஏற்றித் தொலைவில் உரக்குழிக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள்.