நிலவறைக்குள் போகாத பாட்டு

கேள்வி: ஒரு பாடகர் பாடி, ரெக்கார்டும் அச்சாகி, கடைசி நேரத்தில் தூக்கப்பட்ட பாட்டு ஏதாவது உண்டா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: உண்டு. அமெரிக்கப் பாடகர் பாப் டிலனின் 'லெட் மீ டை இன் மை ஃபுட்ஸ்டெப்ஸ்'. அணுகுண்டு எப்போது விழுமோ என்று அமெரிக்கா கொல்லைப்புறத்தில் பதுங்கு அறை தோண்டிக்கொண்டிருந்த காலம். ஓர் ஊருக்கு வெளியே அப்படி ஒன்றைக் கட்டுவதைப் பார்த்துத்தான் எழுதினாராம். சாவு வருகிறது என்று யாரோ சொன்னால் நான் ஏன் மண்ணுக்குள் போகவேண்டும், நின்ற இடத்திலேயே சாகிறேன் என்கிற வீம்பு. பாடும்போது வயசு 20!

1962 ஏப்ரலில் நியூயார்க்கில் பதிவானது. 1963 மே மாதம் 'தி ஃப்ரீவீலின் பாப் டிலன்' ஆல்பம் வந்தபோது, இதையும் சேர்த்து நாலு பாட்டு காணோம். மாற்றாக வந்தவற்றில் போரை எதிர்க்கும் புகழ்பெற்ற 'மாஸ்டர்ஸ் ஆஃப் வார்' ஒன்று, அதனால் ரொம்பவும் கோபித்துக்கொள்ள முடியவில்லை.

வேடிக்கை என்னவென்றால், பழைய அச்சில் சில பிரதிகள் தப்பிவிட்டன. லேபிளில் புதுப் பாட்டின் பெயர், ஊசியை வைத்தால் பழைய பாட்டு! லேபிளைச் சுற்றியுள்ள வழவழப்பான வளையத்தில், பொறித்த எண் பழைய அச்சின் அடையாளமான 1ஏ என்று முடிகிறதா என்று சேகரிப்பாளர்கள் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். எனக்கு அந்த யோகம் இல்லை. 1991இல் அதிகாரபூர்வமாக வெளிவந்ததைத்தான், நண்பர் பதிந்து கொடுத்த கேசட்டில் கேட்டேன். அதிலும் கடைசிச் சரணத்துக்கு முன்பே டேப் தீர்ந்துவிட்டது.