முதியோர் இல்லத்தில் நினைவாற்றல் பரிசோதனை: கேள்வி பதில்

கேள்வி (வெள்ளவத்தை): அம்மா தங்கியிருக்கும் இல்லத்தில் மினி மென்டல் பரிசோதனை செய்து, 30க்கு 19 புள்ளிகள் என்று எழுதித் தந்துள்ளார்கள். அவருக்கு டிமென்ஷியா (மறதி நோய்) என்று முடிவு செய்யலாமா?

பதில்: முடிவு செய்ய முடியாது. 1975இல் வெளியான அந்தப் பரிசோதனையில் 24க்குக் குறைந்தால் மேலும் ஆராய வேண்டும் என்பதே வழக்கமான பொருள். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர், ஒரு வசனம் எழுதச் சொல்லும்போதும் நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்லும்போதும், மறதி எதுவும் இல்லாமலே புள்ளிகளை இழப்பார். ஆகவே உங்கள் அம்மாவிடம் எந்த மொழியில் கேட்டார்கள், அப்போது அவர் கண்ணாடியும் காதுக் கருவியும் அணிந்திருந்தாரா என்பவற்றை முதலில் விசாரியுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தமிழ் மட்டுமே பேசும் ஒருவரிடம் தாதி சிங்களத்தில் கேட்டிருந்தால், அந்த 19க்கு ஒரு மதிப்பும் இல்லை. திகதி தெரியாததையும் நான் பெரிதுபடுத்துவதில்லை. சந்தைக்கும் கோயிலுக்கும் போகாமல் ஒரே அறையில் இருப்பவர் எவருக்கும் திகதி நழுவும். மாறாக, பல மாதங்கள் வாழ்ந்த பின்னரும் தம் கட்டில் எது, கழிவறை எந்தப் பக்கம் என்று தடுமாறினால், அதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

கேள்வி (இல்லப் பொறுப்பாளர், தெகிவளை): வைத்தியர் வரும் வரை எங்கள் ஊழியர்களே செய்யக்கூடியது ஏதும் உண்டா?

பதில்: பயிற்சி பெற்ற தாதி ஒருவர் மினி கொக் என்ற சிறு பரிசோதனையைச் செய்யலாம். மூன்று சொற்களைச் சொல்லி, கடிகாரம் வரைந்து 11.10 காட்டச் செய்து, பின்னர் அச்சொற்களைத் திருப்பிக் கேட்பது. 5க்கு 3ஐ விடக் குறைந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டும். கை நடுங்குபவருக்கு இது ஏற்றதல்ல. அவர்களுக்கு அமெரிக்க முதியோர் இல்லங்களில் 2010 முதல் பயன்படும், வாய்மொழியாகவே 15 புள்ளிகளுக்கு நடக்கும் பிம்ஸ் என்ற பரிசோதனை உதவும். சிட்னியில் பல மொழியினருக்காக உருவான ரூடாஸ் என்ற பரிசோதனையில் தேயிலை, சமையல் எண்ணெய், முட்டை, சவர்க்காரம் ஆகிய நான்கையும் நினைவில் வைக்கச் சொல்வார்கள். நம் பாட்டிமாருக்கு அந்நியமான பட்டியல் அல்ல.

கேள்வி (பராமரிப்பாளர், பம்பலப்பிட்டி): நேற்று வரை தெளிவாகப் பேசிய ஐயா, இன்று என்னையே அடையாளம் காணவில்லை. பரிசோதித்துப் பார்க்கவா?

பதில்: இன்று வேண்டாம், இன்றே வைத்தியரிடம் காட்டுங்கள். மறதி நோய் பொதுவாக மாதக்கணக்கில் வளர்வது. ஒரே நாளில் வந்து, கூடியும் குறைந்தும் மாறும் குழப்பம் டெலிரியம் ஆக இருக்கலாம். அதன் பின்னே சிறுநீர்த் தொற்று, நியுமோனியா, நீரிழப்பு, மலச்சிக்கல் என ஏதேனும் ஒன்று ஒளிந்திருக்கும். சலரோகக்காரராயின் இரத்தத்தில் சீனியை உடனே பாருங்கள். புதிதாகத் தொடங்கிய குளிசைகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். தடிமனுக்குத் தரும் குளோர்பெனிரமின் கூட முதியவரைக் குழப்பக்கூடும்.

கேள்வி (கொட்டாஞ்சேனை): அப்பா எதைக் கேட்டாலும் "தெரியாது" என்கிறார். மறதியா, மனச்சோர்வா?

பதில்: இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். முயலாமலே "தெரியாது" என்பவரிடம் மனச்சோர்வையும் தேட வேண்டும். அதற்கென 15 கேள்விகள் கொண்ட முதியோர் அளவுகோல் உண்டு. தைரொயிட், பி12 இரத்தப் பரிசோதனைகளையும் வைத்தியரிடம் கேளுங்கள்.

கேள்வி (வத்தளை): நினைவாற்றல் பரிசோதனையை எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை செய்வது?

பதில்: இல்லத்தில் சேர்ந்து பழகிய பின் ஒருமுறையும், அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறையும், நடத்தையில் மாற்றம் தெரிந்தால் இடையிலும் செய்யலாம். அதே பரிசோதனையை, அதே மொழியில், முடிந்தால் காலை வேளையிலேயே செய்து, புள்ளியின் அருகில் கண்ணாடி, காதுக் கருவி பற்றிய குறிப்பையும் எழுதி வையுங்கள்.