கோரிடோரஸ் மீன் அடிக்கடி மேலே பாய்ந்து காற்றுக் குடிக்கிறது, நோயா? தொட்டியைச் சுத்தம் செய்யும் மீன்தானே இது?

நோய் இல்லை, பயப்படாதீர்கள். உங்களிடமும் "ரெண்டு போட்டா அடியில இருக்கற அழுக்கெல்லாம் தின்னுடும் சார்" என்று சொல்லித்தான் விற்றிருப்பார்கள். சென்னைக் கொளத்தூர்ப் பக்கம் மீன் வாங்கப் போன எல்லாரும் கேட்ட வசனம்தான். எனக்கு எரிச்சலே அதில்தான். இந்த மீன் கழிவைத் தின்னாது. மீசையால் மணலைத் துழாவி, புழு பூச்சியைப் பொறுக்கிக்கொண்டு, மணலைச் செவுள் வழியாக வெளியே தள்ளும். மற்ற மீன்கள் விட்ட மிச்சத்தை மட்டும் நம்பி விட்டால் பட்டினிதான் கிடக்கும். விளக்கை அணைத்த பிறகு, மூழ்கும் தீனியைத் தனியாகப் போடுங்கள்.

மேலே வருவது மூச்சுக்கு. இதன் பூர்வீகம் தென் அமெரிக்கா. அங்கே தேங்கிய தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தாலும் சமாளிக்க வேண்டும். காற்றை விழுங்கிக் குடலின் பின்பகுதி வழியாக ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். ஓயாமல் மேலும் கீழும் ஓடினால் மட்டும் தண்ணீரைக் கவனியுங்கள்.

என்னிடம் இருப்பது கோரிடோரஸில் வெண்கலக் கோரி என்ற வகை. (2024-இல் கோரிடோரஸ் பேரினத்தைப் பிரித்து இதை ஆஸ்டியோகாஸ்டர் என்ற பேரினத்தில் சேர்த்துவிட்டார்கள், தெரியும். கடையில் போய் அந்தப் பெயரில் கேட்டுப் பாருங்கள்.) போன நவம்பர் மழையில் மாடித் தொட்டித் தண்ணீர் சில்லென்று இருந்தது. அதை ஊற்றிப் பாதித் தண்ணீர் மாற்றினேன். ஊரில் மழைக்காலம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டதோ என்னவோ, மறுநாள் காலையில் ஆண்கள் பெண்ணை விரட்ட ஆரம்பித்துவிட்டன. ஒரு ஆண் குறுக்கே நிற்க, பெண் அதன் வயிற்றோரம் வாயை ஒட்டிக்கொண்டது. ஆணின் விந்தைப் பெண் குடித்துவிடுகிறது! அந்த விந்து குடலைக் கடந்து வந்து, பெண் தன் இடுப்புத் துடுப்புகளுக்குள் பிடித்திருக்கும் முட்டைகள்மேல் படுகிறது. கதை விடுகிறேன் என்பவர்களுக்கு: 1995-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதே இனத்தில் காட்டியது இது. நான் மீனியல் படித்தவன் இல்லை, வங்கி ஊழியன். அப்புறம் அந்தப் பெண், முட்டைகளைத் துடுப்பில் இடுக்கிக்கொண்டே கண்ணாடியில் ஓரிடத்தை வாயால் தேய்த்து, வயிற்றை வைத்து அழுத்தி ஒட்டியது. அன்று அலுவலகத்துக்குத் தாமதம்தான்.

இதை வேடிக்கை பார்க்க வந்த வீட்டுக்காரர் கேட்ட ஒரே கேள்வி, "இதுக்கு எவ்வளவு தண்ணி செலவாகுது?" அடுத்த மாதம் பராமரிப்பில் இருநூறு ரூபாய் கூட்டிவிட்டார். அவர் காரைத் தினமும் குழாய் பிடித்துக் கழுவுவார், அதற்குக் கணக்கு கிடையாது. வாடகைக்கு இருப்பவன் ஒரு கண்ணாடித் தொட்டி வைத்தால்தான் நிலத்தடி நீர் வற்றுகிறது.

சரி, உங்கள் தொட்டிக்கு வருகிறேன். கூட்டமாக வாழும் மீன், குறைந்தது ஆறு வாங்குங்கள். கூர்க்கல்லை எடுத்துவிட்டு மெல்லிய மணல் போடுங்கள், மீசை தேயாது. வலையால் பிடிக்காதீர்கள். உடம்பின் இருபக்கமும் இரண்டு வரிசை எலும்புத் தகடு, அது போக துடுப்பில் முள். பயந்தால் முள்ளை விறைத்துப் பூட்டிக்கொள்ளும், வலையில் சிக்கினால் வலையை வெட்டித்தான் எடுக்க வேண்டும். டம்ளரால் மொண்டு எடுங்கள். டார்வின் பீகிள் கப்பல் பயணத்தில் சேகரித்த புள்ளிக் கோரியும் கடையில் கிடைக்கும். அது குளிர்ந்த தண்ணீர் கேட்கும், சென்னை மே மாதத்துக்கு வேண்டாம். தண்ணீர் மாற்றுவதை வீட்டுக்காரர் வெளியே போன நேரமாக வைத்துக்கொள்ளுங்கள்.