இங்கிலாந்துக் கிராமத்து பப்பில் சாப்பாடு: கேள்வி பதில்

லண்டனைத் தாண்டி காட்ஸ்வோல்ட்ஸ், யார்க்‌ஷயர், கென்ட் பக்கம் போகிறவர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி: அண்ணா, அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தும் யாரும் ஆர்டர் எடுக்க வரவில்லையே?

பதில்: வரமாட்டார்கள். பெரும்பாலான கிராமத்து பப்களில் நாம்தான் கவுண்டருக்குப் போக வேண்டும். முதலில் ஒரு டேபிளைப் பிடியுங்கள். அதன் மேலோ ஓரத்திலோ எண் எழுதியிருக்கும். எல்லோரும் என்ன வேண்டும் என்று முடிவு செய்த பிறகு ஒருவர் மட்டும் போய் டேபிள் நம்பரைச் சொல்லி, மொத்த ஆர்டரையும் கொடுத்து, அங்கேயே பணம் கட்டிவிட வேண்டும். குடிக்க வாங்கியதை நாமே எடுத்து வருவோம், சாப்பாடு டேபிளுக்கு வரும்.

கவுண்டரில் கியூ இருக்காது. ஆட்கள் நீளமாகப் பரவி நிற்பார்கள். ஆனால் யாருக்குப் பின் யார் என்பது அங்கே நிற்கும் எல்லோருக்கும் தெரியும். கையை ஆட்டிக் கூப்பிடாதீர்கள். உங்களுக்கு முன்னால் வந்தவரை விட்டுவிட்டு உங்களிடம் கேட்டால், அவரைக் காட்டிவிடுங்கள். வாசலிலேயே ‘உட்கார வைக்கும் வரை காத்திருக்கவும்’ என்று பலகை இருந்தால் மட்டும் அது ஓட்டல் முறை, டேபிளிலேயே ஆர்டர் எடுப்பார்கள்.

கேள்வி: மதியம் 2.45க்குப் போனோம். பப் திறந்திருக்கிறது, சாப்பாடு இல்லை என்கிறார்கள்.

பதில்: பார் நேரம் வேறு, கிச்சன் நேரம் வேறு. பலர் பட்டினியோடு திரும்புவது இதனால்தான். பொதுவாக மதியம் 12 முதல் 2 அல்லது 2.30 வரை, மாலை 6 முதல் 8.30 அல்லது 9 வரைதான் கிச்சன் ஓடும். ஞாயிற்றுக்கிழமை 12 முதல் 4 வரை போட்டுவிட்டு அன்று மாலை அடுப்பை அணைத்துவிடும் இடங்கள் நிறைய. திங்கட்கிழமை முழுவதும் கிச்சன் மூடியிருப்பதும் சகஜம். இணையத்தில் காட்டும் நேரம் பெரும்பாலும் பாருடையது. அதனால் கிளம்பும் முன் போன் போட்டு, “சாப்பாட்டுக்குக் கடைசி ஆர்டர் எத்தனை மணிக்கு?” என்று இந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள். பக்கத்து ஊர் பப் ஐந்தாறு மைல் தள்ளி இருக்கலாம், அதற்கும் இதே நேரம்தான் இருக்கும். கிச்சன் மூடிய பிறகு கிடைப்பது சிப்ஸ் பாக்கெட், வேர்க்கடலை, பன்றித்தோல் வறுவல் மட்டுமே.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை ரோஸ்ட் அவ்வளவு விசேஷமா? எப்படிக் கேட்டு வாங்குவது?

பதில்: வருடத்தில் ஒரே ஒரு முறைதான் கிராமத்து பப்பில் சாப்பிடப் போகிறீர்கள் என்றால், அது ஞாயிறு மதியமாகவே இருக்கட்டும். ரோஸ்ட் என்பது ஓவனில் சுட்ட இறைச்சி: மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி, பன்றி, கோழி இவற்றில் ஒன்று. கூடவே ரோஸ்ட் உருளைக்கிழங்கு, காய்கறி, கிரேவி, யார்க்‌ஷயர் புட்டிங். மாட்டுக்கு ஹார்ஸ்ரேடிஷ் என்ற காரமான கிழங்குச் சாஸ், ஆட்டுக்குப் புதினா சாஸ், பன்றிக்கு ஆப்பிள் சாஸ் என்பது மரபு. மாட்டிறைச்சி நடுவில் சிவப்பாகவே வரும். நன்றாக வெந்தது வேண்டுமானால் ஓரத்துத் துண்டு தரச் சொல்லுங்கள்.

பார்க்க வேண்டியது யார்க்‌ஷயர் புட்டிங்கை. முட்டை, பால், மைதா மூன்றையும் சம அளவு எடுத்துக் கரைத்த மாவு அது. 220 டிகிரி அடுப்பில் கொழுப்பு புகை வருமளவு காய்ந்த தட்டில் ஊற்றினால்தான் கிண்ணம்போல் எழும்பும். கொழுப்பு காயாவிட்டாலோ, நடுவில் அடுப்பைத் திறந்தாலோ தட்டையாகிவிடும். நல்லது ஓரம் மொறுமொறுவென்றும் உள்ளே மெத்தென்றும் இருக்கும். காலையிலேயே செய்து சூட்டு விளக்கின் கீழ் வைத்தது தோல்போல் இழுபடும். அதனால் 12.30 வாக்கில் டேபிள் புக் செய்யுங்கள். 3 மணிக்குப் போனால் மாட்டிறைச்சியே தீர்ந்திருக்கலாம்.

கேள்வி: ஐயா, நாங்கள் சுத்த சைவம். முட்டைகூடக் கிடையாது. எதை நம்பிச் சாப்பிடுவது?

பதில்: சைவ உணவு இல்லாத பப் இப்போது அரிது. பயப்பட வேண்டியது கண்ணுக்குத் தெரியாமல் கலப்பவற்றுக்குத்தான். ரோஸ்ட் உருளைக்கிழங்கை வாத்துக் கொழுப்பிலோ மாட்டுக் கொழுப்பிலோ வறுக்கும் இடங்கள் உண்டு. வட இங்கிலாந்தில், குறிப்பாக யார்க்‌ஷயரில், விரல்போல் நறுக்கிய உருளை சிப்ஸைக்கூடப் பல இடங்களில் மாட்டுக் கொழுப்பில் பொரிப்பார்கள். தாவர எண்ணெய் என்றாலும் மீன் பொரித்த அதே சட்டியாக இருக்கலாம். காய்கறி சூப்பில் கோழி ஸ்டாக் (கோழி வேகவைத்த சாறு) இருக்கலாம், ரொட்டி மேல் சீஸ் உருக்கித் தரும் ரேர்பிட்டில் வூஸ்டர் சாஸ் இருக்கலாம். அந்தச் சாஸில் நெத்திலி வகை மீன் உண்டு. பார்மேசான் சீஸில் பாலைத் திரிய வைக்க, கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரெனெட் சேரும்.

கவுண்டரில் அலர்ஜி கோப்பு கேட்டால் கொடுப்பார்கள். சட்டப்படி அலர்ஜி தரும் 14 பொருள்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முட்டை, பால், மீன் அதில் வரும், எனவே முட்டையைத் தவிர்க்க அது நல்ல துணை. ஆனால் மாட்டுக் கொழுப்பும் கோழி ஸ்டாக்கும் அந்த 14இல் இல்லை! கோப்பில் எதுவும் குறிக்கவில்லையே என்று நம்பிவிடாதீர்கள். “எந்த எண்ணெயில் பொரிக்கிறீர்கள்? மீனும் அதே எண்ணெயிலா? கிரேவி எதில் செய்தது?” என்று மூன்றையும் வாய்விட்டுக் கேளுங்கள். மெனுவில் வீகன் (பால், முட்டை உட்பட விலங்குப் பொருள் எதுவும் சேராதது) என்று குறித்ததை எடுத்தால் முட்டைப் பிரச்சினை பெரும்பாலும் தீரும். கொட்டைகளை அரைத்துச் செய்யும் நட் ரோஸ்ட்டில் பல இடங்களில் முட்டை சேர்ப்பார்கள், அதையும் விசாரியுங்கள்.

சூப் வரிசையில் ‘மல்லிகடானி’ என்று இருந்தால், பெயர் நம் மிளகுத்தண்ணியிலிருந்து போனதுதான். ஆனால் ரசத்தை எதிர்பார்க்காதீர்கள். கறிப்பொடி போட்ட கெட்டிச் சூப் அது, பெரும்பாலும் இறைச்சிச் சாற்றில் செய்தது.

கேள்வி: பீர் ஏன் சில்லென்று இல்லை? பழசா?

பதில்: கைப்பம்பை இழுத்து ஊற்றியது என்றால் அது காஸ்க் ஏல். பீப்பாயிலேயே ஈஸ்ட் உயிரோடு இருக்கும், 11 முதல் 13 டிகிரியில் தருவதுதான் முறை. அதற்குக் கீழே குளிர்ந்தால் மணம் அடங்கிவிடும். பீப்பாய் திறந்த மூன்று நாளுக்குள் தீர வேண்டும், அதனால் கூட்டமில்லாத பப்பில் எது அதிகம் ஓடுகிறது என்று கேட்டு அதையே வாங்குங்கள். முதலில் ஒரு வாய் சுவை பார்க்கக் கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். வினிகர் வாடை அடித்தால் அது கெட்டது. கவுண்டரில் திருப்பிக் கொடுங்கள், மாற்றித் தருவார்கள். ஒரு பைன்ட் 568 மில்லி, அரை பைன்ட்டும் கிடைக்கும். சைவக்காரர்களுக்கு இங்கேயும் ஒரு செய்தி: பல காஸ்க் ஏல்களைத் தெளிய வைப்பது மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஐசிங்கிளாஸ்.

கேள்வி: டிப்ஸ்?

பதில்: கவுண்டரில் வாங்கினால் வேண்டியதில்லை. டேபிளில் பரிமாறினால் 10 சதவீதம் போதும். பில்லில் ஏற்கெனவே சர்வீஸ் சார்ஜ் சேர்த்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். 2024 அக்டோபர் முதல் அந்தப் பணம் முழுவதும் ஊழியர்களுக்கே போய்ச் சேர வேண்டும் என்பது சட்டம்.

கேள்வி: பையனுக்கு 16 வயது. உள்ளே விடுவார்களா?

பதில்: பெரியவர்களோடு வந்தால் விடுவார்கள். சில இடங்களில் இரவு 9க்கு மேல் பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை. இங்கிலாந்துச் சட்டப்படி 16, 17 வயதினர் பெரியவர் துணையோடு உட்கார்ந்து சாப்பிடும்போது, பெரியவர் வாங்கித் தந்த பீர், வைன், சைடர் (ஆப்பிள் மது) குடிக்கலாம். மறுக்கும் உரிமை பப்புக்கு உண்டு. குடிதண்ணீர் மட்டும் யார் கேட்டாலும் இலவசமாகத் தந்தே ஆக வேண்டும்.