மூன்று தண்ணீர் ஊற்றியாச்சு, பள்ளிக்கு அனுப்பலாமா?

வெயில் ஏறும் மாசி, பங்குனியில் சின்னம்மை ஒரு வகுப்பில் நுழைந்தால் லேசில் போகாது. அரசு தொடக்கப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவரிடம் பெற்றோரும் ஆசிரியர்களும் கேட்டவை:

டீச்சர், மகளுக்கு மூன்று தண்ணீர் ஊற்றிவிட்டோம். நாளைக்கு அனுப்பட்டுமா?

தண்ணீர்க் கணக்கை விடுங்கம்மா, உடம்பைப் பாருங்கள். முத்தெல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தால் அனுப்பலாம். பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு நாளில் காய்ந்துவிடும். தலைமுடிக்குள்ளும் காதுக்குப் பின்னாலும் விலக்கிப் பாருங்கள். நீர் கோத்த முத்து ஒன்று இருந்தாலும் பொறுங்கள். பொருக்கு உதிரும்வரை காத்திருக்க வேண்டாம்.

என் வகுப்பில் மூன்று பிள்ளைகள் வரவில்லை. கேட்டால் 'ஊருக்குப் போயிருக்கான்' என்கிறார்கள். ஏன் மறைக்கிறார்கள்?

பயம்தான். பிள்ளையை ஒதுக்கிவிடுவார்களோ என்ற பயம், அதைவிடக் கூலி போகிற பயம். ஒரு வருடம் என் மூன்றாம் வகுப்புப் பையன் வீட்டுக்குப் போனேன். நிலையில் வேப்பிலைக் கொத்து. அவன் அம்மா நூறு நாள் வேலைக்குப் போகாமல் ஆறு நாள் ஆகியிருந்தது. வீட்டில் அரிசி இல்லை என்று அவள் சொல்லவில்லை. அடுப்பைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

அன்று மாலையே பள்ளி மேலாண்மைக் குழுத் தாய்மார்களைக் கூட்டினேன். சிறு வயதில் அம்மை கண்டவர்களுக்கு அநேகமாகத் திரும்ப வராது. அப்படி இரண்டு பாட்டிகள் முறை வைத்துப் பையனுக்குத் துணை இருந்தார்கள்; அம்மா வேலைக்குப் போனாள். மற்றவர்கள் அரிசி, இளநீர், மோர் கொண்டுபோய்த் திண்ணையில் வைத்தார்கள். அம்மை கண்ட வீட்டில் தாளிக்க மாட்டார்கள், அதனால் பலகாரம் வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட்டேன். அப்புறம் அந்தத் தெருவில் யாரும் மறைக்கவில்லை. நீங்களும் 'ஏன் வரவில்லை?' என்று கேட்காமல் 'என்ன வேண்டும்?' என்று கேட்டுப் பாருங்கள்.

பள்ளியை மூன்று நாள் மூடினால் நிற்காதா?

நிற்காது. முத்து தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே பரவத் தொடங்கிவிடும். ஒட்டிக்கொண்டவருக்கு வெளியே தெரிய 10 முதல் 21 நாள் ஆகும். மூடினால் மதிய உணவும் காலைச் சிற்றுண்டியும் நிற்பதுதான் மிச்சம்.

நான் ஐந்து மாதம். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு அம்மை.

உங்களுக்கு முன்பு வந்திருக்கிறதா என்று உங்கள் அம்மாவிடம் கேளுங்கள். வரவில்லை, அல்லது தெரியவில்லை என்றால் இன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். இதில் நாள் கடத்தக் கூடாது. கர்ப்பிணி ஆசிரியைகளுக்கும் இதே பேச்சுதான்.

காய்ச்சலுக்கு மாத்திரை கொடுக்கலாமா? பெரியவர்கள் கூடாது என்கிறார்கள்.

மருத்துவர் சொன்ன அளவில் பாராசிட்டமால் கொடுக்கலாம். ஆஸ்பிரின் வேண்டவே வேண்டாம், குழந்தையின் ஈரலையும் மூளையையும் தாக்கக்கூடும். வேப்பிலையால் வருடிவிடுவது இருக்கட்டும், நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். மூச்சு வாங்கினாலோ, எழுப்பினாலும் மயங்கிக் கிடந்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். சாமி குற்றம் ஆகாது, தாயே.

விட்டுப்போன பாடம்?

முதல் இரண்டு நாள் சும்மா உட்காரட்டும், உடம்பு அசந்திருக்கும். பிறகு பக்கத்தில் உட்காரும் பிள்ளையின் நோட்டைக் கொடுங்கள். தழும்பைப் பார்த்து யாராவது விலகினால், நீங்களே அவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். நான் அப்படித்தான் தட்டை எடுத்துக்கொண்டு போவேன்.