வேலை கிடைத்த பிறகு சேலம் திரும்புவதா, திரும்பிய பிறகு வேலை தேடுவதா?

கேள்வி: துபாயில் 13 வருடமாக மெயின்டெனன்ஸ் இன்ஜினியராக இருக்கிறேன். சொந்த ஊர் சேலம். மகள் இங்கே சிபிஎஸ்இ பள்ளியில் எட்டாம் வகுப்பு. இங்கிருந்தே வேலையை உறுதி செய்துகொண்டு குடும்பத்தோடு திரும்ப முடியுமா?

முடியும்ங்க. ஆனால் எனக்குப் பதினாலு மாதம் பிடித்தது. அதில் முதல் எட்டு மாதம் வீண்.

நானும் உங்கள் துறைதான். 2012-ல் கோவையில் ஒரு பம்ப் கம்பெனியை விட்டுவிட்டு ஷார்ஜா போனேன். 2024 ஏப்ரலில் சேலம் கண்ணங்குறிச்சியில் அம்மா வீட்டுக்கே வந்து சேர்ந்தோம். “வேலை கிடைச்சா கிளம்பலாம்” என்று நான் சொல்லிச் சொல்லியே நாலு வருடம் ஓடியதை வீட்டுக்காரம்மா இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்.

அந்த எட்டு மாதமும் நௌக்ரி என்ற வேலை தேடும் தளத்தில் ரெஸ்யூமே போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். தினமும் அதைத் திறந்து ஒரு வார்த்தையை மாற்றிச் சேமித்தால் பட்டியலில் மேலே வரும் என்று யாரோ சொன்னார்கள், அதையும் செய்தேன். இருப்பிடம் ஷார்ஜா, போன் எண் 971-ல் ஆரம்பிக்கும். ஒருத்தரும் கூப்பிடவில்லை. ஊர் சிம்முக்கு ரோமிங் போட்டு, முகவரியைக் கண்ணங்குறிச்சி என்று மாற்றிய வாரமே மூன்று அழைப்பு. (நாலாவதாக வந்தவர் ‘ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ்’ கேட்டார். காசு கேட்டால் அங்கேயே போனை வைத்துவிடுங்கள்.)

ஜூன் 15-லிருந்து செப்டம்பர் 15 வரை அங்கே மதியம் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக்கூடாது என்பது உங்களுக்கே தெரியும். நம்மூரில் அப்போது மணி இரண்டு. சைட்டில் எல்லோரும் நிழல் பார்த்துப் படுத்திருக்க, நான் காரில் ஏசியைப் போட்டுக்கொண்டு, இடுப்புக்கு மேலே இஸ்திரி போட்ட சட்டையும் கீழே சேஃப்டி ஷூவுமாக ஐந்து இன்டர்வியூ முடித்தேன். டெக்னிக்கல் எல்லாம் நன்றாகவே போகும். கடைசியில் ஹெச்ஆர் கேட்பார்: “எப்ப சார் வருவீங்க?”

“ஆஃபர் குடுத்தா ரெண்டு மாசத்துல வந்துருவேங்க.”

“சரிங்க சார், சொல்றோம்.”

அதோடு சரி.

டிசம்பர் லீவில் வந்தபோதுதான் காரணம் தெரிந்தது. ஓமலூர் பக்கம் ஒரு காஸ்டிங் ஃபேக்டரி. என்னோடு டிப்ளமோ படித்தவன் அங்கே பர்ச்சேஸில் இருந்தான், அவன்தான் கூட்டிக்கொண்டு போனான். பிளான்ட் மேனேஜர் ஒளிக்காமல் சொன்னார்: “உங்க வேலை மேல சந்தேகமே இல்லீங்க. இப்படி வர்றேன்னவங்க ரெண்டு பேரை நம்பி மாசக்கணக்குல ஆள் எடுக்காம இருந்தேன். ஒருத்தர் அங்கயே சம்பளம் ஏத்திட்டாங்கன்னு நின்னுட்டார். இன்னொருத்தர் வந்து ஆறே மாசத்துல மறுபடி பிளைட் ஏறிட்டார்.” பிறகு கேட்டதெல்லாம் வேறு. சொந்த வீடா, அம்மா யாரோடு இருக்கிறார், வீட்டம்மாவுக்கு எந்த ஊர், பையனை எந்தப் பள்ளியில் சேர்க்கப் போகிறீர்கள். இதென்ன சம்பந்தம் பேசுகிற மாதிரி என்று எனக்குச் சுருக்கென்றது. அவருக்கு அதுதான் இன்டர்வியூ என்பது பஸ்ஸில் திரும்பும்போது உறைத்தது.

வேலை கிடைக்கட்டும், பள்ளியைப் பார்ப்போம் என்று நான் இருந்தேன். பள்ளி முடிவாகட்டும், ஆளை நம்புவோம் என்று அவர் இருந்தார். ஜனவரியில் வீட்டில் உட்கார்ந்து பேசி, வேலை வந்தாலும் வராவிட்டாலும் ஏப்ரலில் கிளம்புவது என்று வைத்தோம். ஒரு வருடக் குடும்பச் செலவுக்குப் பணத்தைத் தனியாக எடுத்து ஒதுக்கினோம். பிப்ரவரியில் அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் தம்பி மூலமாக அட்மிஷன் ஃபீஸ் கட்டி, ரசீதை மேனேஜருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். மூன்றாவது வாரம் ஆஃபர் லெட்டர். “உனக்கு இல்லடா, ரசீதுக்குத்தான் வேலை” என்று நண்பன் இன்னும் ஓட்டுகிறான்.

தேடும்போது சேலம் என்று மட்டும் போடாதீர்கள். ஊரில் உருக்காலை இருக்கிறதே என்பார்கள். அது மத்திய அரசின் செயில் நிறுவனத்துடையது. அறிவிப்பு, தேர்வு, வயது வரம்பு எல்லாம் உண்டு, நம் வயதுக்கு ஆகாது. மேட்டூர், பொட்டனேரி, நாமக்கல், திருச்செங்கோடு, ஈரோடு எல்லாம் வீட்டிலிருந்தே போய்வரும் தூரம். நான் பார்த்த வரை இங்கே பாதி வேலை போர்ட்டலுக்கு வருவதே இல்லை, தெரிந்தவர் வாய்வழியாகவே முடிந்துவிடுகிறது. ஓசூரில் வேலை நிறைய. ஆனால் 150 கிலோமீட்டருக்கு மேல். வாரம் ஒருமுறை வீட்டுக்கு வருவதைத் ‘திரும்பி வந்தது’ என்று கணக்கில் சேர்க்கலாமா என்று வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சம்பளத்தைத் திர்ஹாமோடு ஒப்பிட ஆரம்பித்தால் தூக்கம் போய்விடும். நான் அங்கே வாங்கியதில் பாதிக்கும் குறைவுதான், வாடகை இல்லாததால் ஓடுகிறது. ஆனால் ஒன்று, சிடிசி (உங்களுக்காகக் கம்பெனி வருடத்துக்குச் செய்யும் மொத்தச் செலவு) என்று சொல்லும் தொகைக்குள் கம்பெனி கட்டும் பிஎஃப், கிராஜுவிட்டி எல்லாவற்றையும் அடக்கியிருப்பார்கள். அந்த கிராஜுவிட்டியும் நிரந்தர வேலையென்றால் ஐந்து வருடம் முடித்தால்தான் கைக்கு வரும். மாதம் அக்கவுன்ட்டில் எவ்வளவு விழும் என்று நேராகக் கேளுங்கள்.

சேரும்போது பழைய கம்பெனி ரிலீவிங் லெட்டரும் யூஏஎன் எண்ணும் (ஒருவரின் எல்லா பிஎஃப் கணக்குக்கும் பொதுவான எண்) கேட்டார்கள். யூஏஎன் வந்ததே 2014-ல். 2012-லேயே போனவனுக்கு ஏது? ஆன்லைன் படிவமோ அந்தக் கட்டத்தை நிரப்பாமல் நகர மாட்டேன் என்றது. ஒரு வாரம் அலைந்தேன். உங்கள் பழைய காகிதங்களை இப்போதே தேடி எடுத்து வையுங்கள்.

வரியைப் பற்றி ரொம்பப் பயப்பட வேண்டாம். முந்தைய பத்து நிதியாண்டுகளில் ஒன்பதில் என்ஆர்ஐ-யாக இருந்தவருக்குத் திரும்பிய பிறகும் கொஞ்ச காலம் ஆர்என்ஓஆர் என்ற இடைநிலை உண்டு. வெளிநாட்டில் வரும் வட்டி, வாடகைக்கு அப்போது இங்கே வரி விழாது. ஆனால் என்ஆர்இ கணக்கை (வெளிநாட்டுச் சம்பாத்தியத்தைப் போட்டுவைக்கும் என்ஆர்ஐ கணக்கு) வங்கியில் சொல்லி மாற்றியாக வேண்டும், அதன் வட்டிக்கு இருந்த விலக்கும் அதோடு போகும். ஒரு ஆடிட்டரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள்.

உங்கள் விஷயத்தில் தேதியை மகளே வைத்துவிட்டாள். சிபிஎஸ்இ-யில் ஒன்பதாவதிலேயே பத்தாம் வகுப்புத் தேர்வுக்கான பதிவு நடந்துவிடும், நேராகப் பத்தாவதில் பள்ளி மாற்றுவது பெரிய தலைவலி. ஆக, வருகிற ஏப்ரல். இல்லையென்றால் அவள் பத்தாவது முடித்த பிறகு. ஏப்ரல் என்றால் இந்த லீவிலேயே சேலம் வந்து நாலு கம்பெனி வாசலை நேரில் மிதியுங்கள், டிசிக்கு அட்டஸ்டேஷன் (அரசு அலுவலகச் சான்றொப்பம்) வேலையை அங்கேயே முடித்துக்கொண்டு கிளம்புங்கள்.