கத்தரியில் மருந்து எச்சம்: சோதனைக்குக் காய் எடுப்பது எப்படி?

கேள்வி: அலங்காநல்லூர் பக்கம் கத்தரி, வெண்டை போட்டிருக்கிறேன். மாட்டுத்தாவணி வியாபாரி பூச்சிமருந்து எச்ச அறிக்கை கேட்கிறார். எவ்வளவு காய், எப்படி அனுப்ப வேண்டும்?

பதில்: ஆய்வகக் கருவி கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் அளவையும் பிடித்துவிடும். பிழை பெரும்பாலும் வயலிலேயே நடக்கிறது. கைத்தெளிப்பானில் ஒரு செடி நன்றாக நனையும், அடுத்தது பாதிதான் நனையும். வரப்போரத்தில் நாலு காய் பறித்து அனுப்பினால் அந்த நாலு காயின் கணக்குதான் வரும். ஆகவே நடுவயல், நான்கு மூலை என்று சுற்றிவந்து பறியுங்கள். கத்தரி குறைந்தது 10 காய், எடை 1 கிலோவுக்குக் குறையக் கூடாது. வெண்டையும் 1 கிலோ.

சந்தைக்குப் பறிக்கும் அன்றே, அதே பக்குவத்தில் எடுங்கள். கழுவவோ துடைக்கவோ நறுக்கவோ வேண்டாம். மருந்து கலக்கிய கையோடு காயைத் தொட்டால் அதுவும் எச்சமாகவே அறிக்கையில் ஏறும், உரச்சாக்கும் ஆகாது. புதிய பாலித்தீன் பையில் போட்டு, அதை இன்னொரு பைக்குள் வைத்து, பயிர், பறித்த தேதி, கடைசியாக அடித்த மருந்து, அடித்த தேதி எழுதிய சீட்டை இரண்டு பைக்கும் நடுவில் செருகுங்கள். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.

ஆய்வகத்தில் காய் முழுவதையும் உறைநிலையில் அரைப்பார்கள். அதில் எடுப்பது 10 கிராம் விழுதுதான். அதனுடன் 10 மில்லி அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பான், 4 கிராம் மெக்னீசியம் சல்பேட், 1 கிராம் உப்பு சேர்த்து ஒரு நிமிடம் குலுக்கிச் சுழற்றினால் கரைப்பான் தனி அடுக்காக மேலே நிற்கும். மருந்து அதில் இருக்கும். எச்சம் பெரும்பாலும் தோலில் தங்குவதால், அரைபடாத தோல் துணுக்கு ஒன்று கூடினாலும் குறைந்தாலும் எண் மாறும்.

முக்கியமான ஒன்று: மேன்கோசெப் என்ற பூஞ்சைக்கொல்லி அடித்திருந்தால் இந்தப் பொதுச் சோதனையில் அது தெரியாது. தனிச் சோதனை கேட்டு வாங்க வேண்டும். பலரும் இதில்தான் ஏமாறுகிறார்கள்.

அறிக்கை வந்ததும், நீங்கள் அடித்த மருந்தின் பெயர் சோதித்த பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 'பி.எல்.கியூ.' என்றால் அளவிடக்கூடிய வரம்புக்குக் கீழே என்று பொருள். அறவே இல்லை என்று ஆகாது. உங்கள் பயிருக்கு எச்ச வரம்பு வகுக்கப்படாத மருந்துக்கு உணவுப் பாதுகாப்பு ஆணைய விதிப்படி கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்தான் எல்லை.